மனநோய்க்குப் பெயரிட்ட வரலாறு



பைத்தியம் என்னும் சொல்லை நாம் நாள்தோறும் எத்தனையோ முறை கேட்கிறோம். பந்தாட்டத்தில் அளவுக்கு மிஞ்சி ஈடுபடுகிறவனைப் பந்தாட்டப் பைத்தியம் என்கிறோம். தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவனையும் பைத்தியம் என்கிறோம். அச்சொல் எங்கிருந்து வந்தது என்று எவரும் நின்று கேட்பதில்லை. பித்தம் என்பதிலிருந்து பிறந்ததே பைத்தியம். பித்து, பித்தன் என்பனவும் அவ்வழி வந்தவையே. உடம்பில் பித்தம் மிகுந்தால் அறிவு தடுமாறும் என்று முன்னோர் கருதினர். காரணம் என்று எண்ணியதன் பெயரே நோய்க்கும் பெயராயிற்று. சுந்தரர் இறைவனையே பித்தன் என்று அழைத்துப் பாடியதால் அச்சொல்லுக்கு நம்மிடையே ஓர் இனிமையும் உண்டு. அஃது இப்போது நமக்கு வேண்டுவதன்று.

வியப்பு யாதெனில், ஏறத்தாழ இதே எண்ணம் கிரேக்க நாட்டிலும் இருந்தது. இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்மங்களின் சமநிலையே உடல்நலம் என்று ஹிப்போகிரட்டீஸின் மரபினர் கொண்டனர். காரணமின்றி அச்சமும் துயரமும் நெடுநாள் நீடித்தால் அதற்கு மெலங்கோலியா என்று பெயரிட்டனர். கரும்பித்தம் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். அம்மரபைச் சேர்ந்த நூல் ஒன்று, தெய்வக் குற்றம் என்று அக்காலத்தார் அஞ்சிய காக்காய் வலிப்பும் மற்றப் பிணிகளைப் போன்ற ஒரு பிணியே, அதன் இருப்பிடம் மூளையே என்று சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன்பே துணிந்து கூறியது. நம் நாட்டுச் சரக சம்ஹிதை உன்மாதம் என்னும் நோயை ஐந்தாகப் பிரித்தது. வாதம், பித்தம், கபம் என்ற மூன்றால் தனித்தனியே வருவன மூன்று. மூன்றும் கூடி வருவது ஒன்று. புறத்தேயிருந்து வந்து பற்றுவது ஒன்று. நம் சித்த மருத்துவ நூல்கள் கிரிகை என்னும் பெயரால் பதினெட்டு வகை கூறுகின்றன.

இவற்றை வெறும் பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். பேய் பிடித்தது, சாபம் விழுந்தது என்று ஊரார் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், இது நோய், இதற்கு வகை உண்டு, வகைக்கேற்ற மருத்துவம் உண்டு என்று சொன்னது சிறு செயலன்று.

இங்கே என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதனைச் சொல்லாமல் இப்பொருளைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை என்றே எண்ணுகிறேன்.

1987-ஆம் ஆண்டு. அப்போது நான் தலைமையாசிரியன் அல்லன். சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் கணக்காசிரியன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவன் பெயர் வேண்டா. கணக்கை மனத்திலேயே போட்டு விடை சொல்லக்கூடியவன். ஆனால் தாளில் எழுதச் சொன்னால் முடிக்கமாட்டான். ஓர் எண்ணை எழுதுவான், அழிப்பான், மறுபடி அதே எண்ணை எழுதுவான், மறுபடி அழிப்பான். அவனுடைய நோட்டில் பக்கத்துக்கு இரண்டு மூன்று ஓட்டைகள் இருக்கும். கைவிரல்கள் எப்போதும் நீரில் ஊறியவைபோற் சுருங்கியிருக்கும். நாள்தோறும் காலந்தாழ்ந்து வருவான். கேட்டால், கதவைப் பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பிப் போனேன் என்பான். எத்தனை முறை என்று கேட்டால் தலை குனிந்துகொள்வான்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். உளவியலை ஒரு பாடமாகப் படித்துத் தேர்ந்தவன். ஆயினும் அவனுடைய முன்னேற்ற அட்டையில் நான் எழுதியவை இரண்டு சொற்கள்: சோம்பல், பிடிவாதம். ஒரு நாள் பிரம்பையும் எடுத்தேன். வீட்டில் அவன் பாட்டியார் வேறொரு பெயர் இட்டார்: காற்றுச் சேட்டை. மந்திரிப்பவரிடம் அழைத்துச் சென்று கயிறு கட்டினர். ஆக, அவனுடைய துன்பத்துக்கு இரண்டு வகைப்பாடுகள் கிடைத்தன. என்னுடையது ஒன்று, பாட்டியாருடையது ஒன்று. பாட்டியாருடையதில் பிரம்படி இல்லை.

அடுத்த கோடை விடுமுறையில் அவனுடைய தாய்மாமன் அவனை நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். பள்ளி திறந்தபின் அவன் என்னிடம் தனியே வந்தான். "சார், எனக்கு இருப்பதற்குப் பெயர் உண்டாம், என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்களாம்," என்றான். அவன் முகத்தில் அன்று கண்ட தெளிவை அதற்கு முன் நான் கண்டதில்லை. மருந்து முழுப்பயன் தருவதற்கு முன்பே அந்தப் பெயர் பாதி வேலையைச் செய்திருந்தது.

அப்பெயரை இன்று தமிழில் எண்ண சுழற்சி நோய் என்று வழங்குகிறோம். வேண்டாத எண்ணம் ஒன்று மீண்டும் மீண்டும் உள்ளே நுழையும். அதனைத் தணிக்கச் செய்ததையே மீண்டும் மீண்டும் செய்யத் தூண்டும். செய்வது வீண் என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் விட முடியாது. இந்நோயை ஒரு நூலாகக் கையிற் பிடித்துக்கொண்டு மருத்துவ வரலாற்றுக்குள் நுழைவோம். பெயரிடுதல் என்பது எத்தகைய வேலை என்பது அப்போது விளங்கும்.

ஐரோப்பாவில் நெடுங்காலம் இது நோயாகவே எண்ணப்படவில்லை. பாவம் செய்துவிட்டோமோ என்று ஓயாமல் ஐயுற்றுப் பலமுறை பாவமன்னிப்புக் கேட்க வந்தவர்களைப் பாதிரிமார் அறிந்திருந்தனர். அது சமயத்தார் கவனிக்க வேண்டிய செய்தியாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் செடிகொடிகளை லின்னேயஸ் வகை பிரித்ததைக் கண்ட மருத்துவர்கள், நோய்களையும் அவ்வாறே குடும்பம், இனம் என்று அடுக்கிவிடலாம் என நம்பத் தொடங்கினர். லின்னேயஸும் 1763-இல் நோய்களுக்கென்றே ஒரு வகைப்பாடு வெளியிட்டார். அம்மரபில் வந்தவர் பாரிசு நகரத்துப் பினெல். அவர் 1801-இல் வெளியிட்ட நூலில் வெறி, பெருந்துயர், அறிவுச் சிதைவு, பிறவி மந்தம் முதலிய ஒருசில பெருவகுப்புகளுக்குள் மனநோய்களையெல்லாம் அடக்கினார்.

பினெல் நோயாளிகளின் சங்கிலியை அறுத்தெறிந்தார் என்று நீங்கள் படித்திருக்கக் கூடும். ஓவியமும் உண்டு. உண்மையில் பிசேத்ர் மருத்துவமனையில் 1797-இல் சங்கிலிகளை நீக்கியவர் பூசென் என்னும் மேற்பார்வையாளர். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். அங்கே நோயாளிகளோடு நாள் முழுதும் இருந்தவர். பினெல் அவரிடமிருந்து கற்றுக்கொண்டதைத் தம் நூலிலேயே ஒப்புக்கொள்கிறார். வகைப்பாட்டின் வரலாற்றில் பட்டம் பெற்றவர்களின் பெயர்களே மிகுதி. ஆதலின் பூசென் பெயரையும் நினைவில் வையுங்கள்.

பினெலின் மாணவர் எஸ்கிரோல், 1838-இல் ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதினார். தன் கையிலோ ஆடையிலோ பிறர் பொருள் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று அஞ்சி, உதறியும் தேய்த்தும் கழுவியும் பொழுதைக் கழித்தவள் அவள். அவளுக்கு அறிவு நன்றாகவே இருந்தது. தன் அச்சம் பொருளற்றது என்று அவளே சொன்னாள். எஸ்கிரோல் அதனை ஒற்றைப் பித்து என்னும் வகுப்பிற் சேர்த்தார். ஒரு பொருளில் மட்டும் மனம் பிறழ்ந்திருப்பது என்று அதற்குப் பொருள். பின்வந்த பிரெஞ்சு மருத்துவர்கள் ஐயப் பித்து என்றனர். 1877-இல் ஜெர்மானியரான வெஸ்ட்பால், கட்டாய எண்ணம் என்று பொருள்படும் சொல்லை வழங்கினார். பிராய்டு இதனை நரம்புத் தளர்ச்சி நோய்களின் கூட்டத்தில் வைத்து, அடக்கப்பட்ட ஆசைகளே காரணம் என்றார். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1980-இல் இதனைப் பதற்ற நோய்களின் வகுப்புக்கு மாற்றியது. அதே கையேட்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு, பதற்ற நோய்களிலிருந்து பிரித்துத் தனி அத்தியாயம் கொடுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் பன்னாட்டு நோய் வகைப்பாடும் அவ்வாறே செய்தது. அது 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

பாருங்கள்! நூற்றெண்பது ஆண்டுகளில் இந்நோய் எத்தனை பெட்டி மாறிவிட்டது! எஸ்கிரோல் கண்ட அந்தப் பெண்ணும் என் வகுப்பு மாணவனும் செய்தது என்னவோ ஒன்றுதான்.

ஏன் இவ்வளவு மாற்றம் என்று கேட்பீர்கள். காய்ச்சலை எண்ணிப் பாருங்கள். நம் பாட்டிமார் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவது முறைக்காய்ச்சல், நடுக்கத்தோடு வருவது குளிர்காய்ச்சல் என்று தோற்றத்தைக் கொண்டு பிரித்தனர். 1880-இல் லாவெரான் மலேரியா நோயாளியின் இரத்தத்தில் நுண்ணுயிரைக் கண்டார். 1897-இல் செகந்தராபாத்தில் ரோனால்டு ராஸ் அதனைக் கொசுவின் வயிற்றிலே கண்டார். அதன்பின் காய்ச்சல் என்பது நோயாக இல்லை. பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறியாகிவிட்டது. தோற்றத்தால் பிரித்ததைக் காரணத்தால் பிரிக்கக் கற்றுக்கொண்டோம். மனநோய்களில் நாம் பெரும்பாலும் இன்னும் பாட்டிமார் நிலையிலேதான் இருக்கிறோம். எண்ண சுழற்சி நோயையோ மனச்சிதைவையோ உறுதிப்படுத்துவதற்கு இரத்தப் பரிசோதனை இல்லை. மூளையைப் படம் எடுத்துப் பார்த்தும் பெயர் சொல்ல இயலாது. நோயாளி சொல்வதையும் அவர் நடப்பதையும் கொண்டே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

விலக்குகள் உண்டு. அவற்றுள் புகழ்பெற்றது ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு மனநோய் விடுதிகளில், தாம் பேரரசர் என்றும் பெருஞ்செல்வர் என்றும் பிதற்றி, நாளடைவில் கைகால் விளங்காமல் இறந்தோர் ஏராளம். 1822-இல் பேல் என்னும் இளைஞர், இஃது ஒரு தனி நோய், இதில் மூளையின் உறை வீங்கியிருக்கிறது என்று காட்டினார். 1913-இல் நொகுச்சியும் மூரும் அந்நோயாளிகளின் மூளையிலேயே சிபிலிசு என்னும் மேகநோயின் கிருமியைக் கண்டுபிடித்தனர். வாக்னர் யௌரெக் என்பவர் 1917-இல் இவர்களுக்கு வேண்டுமென்றே மலேரியாக் காய்ச்சலை உண்டாக்கிப் பார்த்தார், பலர் தேறினர், 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்னர்ப் பெனிசிலின் வந்து அந்நோயையே அரிதாக்கிவிட்டது. காரணம் கண்டுபிடிக்கப்பட்டவுடன் அஃது உளமருத்துவரின் ஏட்டிலிருந்து தொற்றுநோய் ஏட்டுக்கு மாறிவிட்டதைக் கவனியுங்கள். விடை தெரிந்தவை வெளியேறிவிடுகின்றன. விடை தெரியாதவற்றோடு உளமருத்துவன் இருக்கிறான்.

விடை தெரியாத நிலையிலும் ஒழுங்காகப் பிரிக்க வழி தேடியவர் எமில் கிரேப்பெலின் என்னும் ஜெர்மானியர். பிராய்டு பிறந்த அதே 1856-இல் பிறந்தவர். பிராய்டின் புகழில் பாதியும் இவருக்கு இல்லை. ஆனால் இன்றைய மருத்துவமனை ஏடுகளில் இவர் கையெழுத்தே மிகுதி என்பது என் கருத்து. நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு வைத்துக்கொண்டார். நோய் எப்போது தொடங்கியது, எப்படி வளர்ந்தது, ஆண்டுகள் பல சென்றபின் என்னவாயிற்று என்றெல்லாம் குறித்து, சீட்டுகளை மீண்டும் மீண்டும் அடுக்கிப் பார்த்தார். இன்று நோயாளி பிதற்றுகிறான் என்பதைக்கொண்டு பெயரிடாதே, அவன் வாழ்க்கை முழுவதும் நோய் சென்ற வழியைப் பார் என்பதே அவர் கொள்கை. 1899-இல் வந்த அவருடைய பாடநூலின் ஆறாம் பதிப்பில் இரு பெரும் பிரிவுகள் தெளிவாயின. விட்டுவிட்டு வந்து இடையில் தெளிவு தருவது ஒன்று; இளமையில் தொடங்கி அறிவையும் உணர்வையும் சிதைத்துக்கொண்டே போவது மற்றொன்று. முன்னதன் வழிவந்ததே இன்று இருதுருவ மனநோய் எனப்படுவது. பின்னதற்கு 1908-இல் ஸ்விட்சர்லாந்தின் பிளாய்லர் ஸ்கிசோப்ரினியா என்று பெயர் மாற்றினார். நாம் மனச்சிதைவு என்கிறோம். பெயரை மாற்றியதற்குக் காரணம் உண்டு: எல்லோரும் சிதைந்தே போவதில்லை, சிலர் தேறுகிறார்கள் என்பதைப் பிளாய்லர் கண்டார். கிரேப்பெலினின் பெயரோ தேறுதற்கு இடமின்றி அடைத்துவிட்டது.

சீட்டு அடுக்குவது மருத்துவர் வேலை. நமக்கென்ன என்று நினைக்க வேண்டா. பெயரிடும் அதிகாரம் தவறான கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. 1851-இல் அமெரிக்காவில் லூசியானாவைச் சேர்ந்த கார்ட்ரைட் என்னும் மருத்துவர், கறுப்பின அடிமைகளிடம் ஒரு புதிய மனநோயைக் கண்டுபிடித்ததாக மருத்துவ இதழில் எழுதினார். எசமானனை விட்டு ஓடிப்போக விரும்புவதே அந்நோய்! அதற்கு ட்ரேப்டோமேனியா என்று கிரேக்கப் பெயரும் சூட்டினார். சவுக்கடியை மருந்தாகச் சொன்னார். விடுதலை வேட்கைக்குக் கிரேக்கத்தில் ஒரு பெயர் வைத்துவிட்டால் அது நோயாகிவிடுகிறது பார்த்தீர்களா? இருபதாம் நூற்றாண்டில் சோவியத் நாட்டில் அரசை எதிர்த்தோர் பலருக்கு மந்தகதி மனச்சிதைவு என்று பெயரிட்டு மருத்துவமனைகளில் அடைத்தனர். உலக உளமருத்துவச் சங்கத்தில் கண்டனம் வலுத்தபோது, 1983-இல் சோவியத் மருத்துவர்கள் தாமாகவே அதிலிருந்து விலகினர்.

தற்பால் விருப்பத்தின் வரலாற்றையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்கக் கையேட்டில் நோய்ப் பட்டியலில் இருந்த அது, 1973-இல் அச்சங்கத்தின் முடிவால் நீக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990-இல் நீக்கியது. ஓர் இரவில் இலட்சக்கணக்கானோர் குணமடைந்தனர் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவர்கள் முன்னும் நோயாளிகள் அல்லர் என்பதே உண்மை.

இவற்றைக் கேட்டபின் உங்களிற் சிலர், அப்படியானால் மனநோய் என்பதே கட்டுக்கதை, பெயர்கள் எல்லாம் சூழ்ச்சி என்று சொல்லத் துணியலாம். மேனாடுகளில் அறிஞர் சிலரும் அவ்வாறு எழுதினர். நான் அதனை ஏற்கவில்லை. அந்த நோட்டின் ஓட்டைகளை நான் கண்ணாற் கண்டவன்.

செய்ய வேண்டியது பெயரை எறிவதன்று, பெயரிடும் முறையைச் செம்மை செய்வதே. 1960-களின் பிற்பகுதியில் நியூயார்க்கு மருத்துவர்களும் லண்டன் மருத்துவர்களும் ஒரே நோயாளியின் படத்தைப் பார்த்து வெவ்வேறு பெயர் சொல்வது ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. லண்டனில் மனச்சோர்வு என்றதை நியூயார்க்கில் மனச்சிதைவு என்றனர். கடல் கடந்தால் நோய் மாறுமோ? உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் 1,202 நோயாளிகளை ஒரே முறையில் ஆராயச் செய்தது; நம் ஆக்ரா நகரமும் அதில் ஒன்று. 1973-இல் வந்த அறிக்கை, மனச்சிதைவு எல்லா நாடுகளிலும் காணப்படுகிறது என்றும், வாஷிங்டனிலும் மாஸ்கோவிலும் மட்டும் அப்பெயரை மற்றவர்களைவிடத் தாராளமாக வழங்கினர் என்றும் காட்டியது. அரசியலில் ஒத்துப்போகாத இரு தலைநகரங்கள் இதில் ஒத்துப்போனதை எண்ணிச் சிரித்துக்கொள்ளலாம்.

இக்குழப்பத்தைத் தீர்க்க ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையில் 1980-இல் வந்ததே அமெரிக்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு. காரணத்தைப் பற்றிய கொள்கைகளை ஒதுக்கிவிட்டு, கண்டறியத்தக்க அறிகுறிகளையும் அவை நீடிக்கும் காலத்தையும் எண்ணிக் கணக்கிடும் முறை அது. எடுத்துக்காட்டாக, மனச்சோர்வு நோய் என்று சொல்ல இன்றைய பன்னாட்டு வகைப்பாட்டின்படி பத்து அறிகுறிகளில் ஐந்தாவது, நாளின் பெரும்பகுதி, ஏறத்தாழ நாள்தோறும், இரண்டு வாரமேனும் இருக்க வேண்டும்; அவற்றுள் சோர்ந்த மனநிலையோ எதிலும் நாட்டமின்மையோ ஒன்று கட்டாயம் வேண்டும். தேர்வு வினாத்தாள் போன்றிருக்கிறதே என்பீர்கள். ஆம், "எவையேனும் ஐந்தனுக்கு விடை தருக" என்னும் முறைதான். இதனால் இருவர் ஒரே பெயர் சொல்வது எளிதாயிற்று. ஒரே பெயரைப் பெற்ற இருவரின் துன்பம் வேறுவேறாக இருக்கலாம் என்பது இதன் குறை.

அறிகுறிகளை எண்ணினால் மட்டும் போதாது. அவற்றால் அம்மனிதன் துன்புறுகிறானா, படிப்பும் தொழிலும் உறவும் கெடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இழப்பு நேர்ந்தபோது எவருக்கும் வரும் இயல்பான துயரம் நோயன்று. சமூகத்தோடு முரண்படுவது மட்டுமே நோயன்று. இக்கருத்துகள் இப்போது வரையறைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. கார்ட்ரைட்டுக்கு அளித்த விடை என்றே அவற்றை நான் படிக்கிறேன்.

எனினும் எல்லைக்கோடு இன்றும் வழக்குக்குரியதே. உற்றார் இறந்த துயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது நெடுநாள் தணியாமல் வாழ்க்கையையே முடக்குமானால் நீடித்த துயர நோய் என்னும் பெயரைப் பன்னாட்டு வகைப்பாடு புதிதாகச் சேர்த்திருக்கிறது. ஆறு மாதம் கடந்திருக்க வேண்டும் என்கிறது அது. 2022-இல் திருத்தப்பட்ட அமெரிக்கக் கையேடோ பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்கிறது. இரண்டும் அவரவர் பண்பாட்டு வழக்கத்தை மிஞ்சியிருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. நம்மவரும் பதினாறாம் நாள், ஆண்டு முடிவுத் திவசம் என்று துயரத்துக்குப் படிகள் வைத்திருக்கிறார்கள். மனைவியை இழந்தவன் பதினோராம் மாதத்தில் ஒரு கையேட்டின்படி நோயாளி, மற்றொன்றின்படி நோயாளியல்லன் என்றால், கோடு இயற்கை போட்டதன்று, மனிதர் கூடிப் பேசிப் போட்டது என்பது தெளிவு. ஆனால் தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் என்பதும் மனிதர் போட்ட கோடுதான். அதனால் தேர்வே பொய்யாகிவிடாது.

பெயர்கள் வசைகளாகிவிடுவதும் உண்டு. 1905-இல் பிரான்சில் பினேயும் சிமோனும் அறிவுத்திறன் தேர்வு ஒன்றை அமைத்தனர். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்குத் தனி உதவி தரவேண்டும் என்பதே அதன் நோக்கம். அமெரிக்காவில் காடர்டு என்பவர் 1910-இல் அதனைக்கொண்டு ஈடியட், இம்பெசில், மோரான் என்று பிள்ளைகளைப் படிநிலைப்படுத்தினார். நான் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது படித்த பழைய பாடநூலிலும் இச்சொற்கள் அட்டவணையாக இருந்தன. நான் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றேன். இன்று ஆங்கிலம் அறிந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளவே அவை பயன்படுகின்றன. புதிய வகைப்பாடு அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு என்கிறது. இச்சொல்லும் எத்தனை நாள் மாசுபடாமல் இருக்கும் என்பது நீங்கள் விளையாட்டிடத்தில் என்ன சொல்லித் திட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நம் நாட்டுச் சட்டங்களிலும் இந்த மாற்றத்தைக் காணலாம். 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே பித்தர் என்று பொருள்படும் சொல் இருந்தது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871-இல் பித்தர் காப்பிடமாகத் தொடங்கியது 1922-இல் மனநோய் மருத்துவமனை எனப் பெயர் மாறியது. 1978-இல் மனநலக் கழகம் ஆயிற்று. பெயர் மாறினால் வாழ்வு மாறிவிடுமா என்றால், இல்லை. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட முடியாமல் இறந்தனர். பூசென் சங்கிலியை நீக்கி இருநூறு ஆண்டுகள் கடந்திருந்தன.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்கிறது. அதன் மூன்றாம் பிரிவை உங்களில் சட்டம் பயில விரும்புவோர் எடுத்துப் படிக்க வேண்டும். மனநோயை ஏற்கப்பட்ட மருத்துவ வகைப்பாட்டின்படியே தீர்மானிக்க வேண்டும். ஒருவரின் அரசியல், செல்வநிலை, சாதி சமயக் குழு இவற்றைக்கொண்டு தீர்மானிக்கலாகாது. ஊராரின் ஒழுக்க நெறிக்கோ சமய நம்பிக்கைக்கோ ஒத்து நடக்கவில்லை என்பதைக் கொண்டும் தீர்மானிக்கலாகாது என்கிறது. வகைப்பாடு என்னும் மருத்துவர் ஏடு இப்போது குடிமகனுக்குக் காப்பாகவும் ஆகியிருக்கிறது. உங்களில் எவரேனும் மனத்துன்பத்தைச் சொல்ல ஆளின்றித் தவித்தால் 14416 என்னும் எண்ணில் பேசலாம். 2022 முதல் இந்திய அரசு நடத்தும் இலவசத் தொலைபேசி உதவி அது.

அந்த மாணவருக்கு இப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது. கணக்கெழுதும் வேலையிலேயே இருக்கிறார். அண்மையில் ஒரு திருமணத்தில் அவரைக் கண்டேன். கதவு இப்போது எப்படி என்று கேட்டேன். வீட்டைப் பூட்டியபின் ஒரு முறை திரும்பிப் பார்ப்பதாகவும், இரண்டாம் முறை போகத் தோன்றும்போது தெருமுனையில் சிறிது நேரம் நின்றுவிட்டு அப்படியே நடந்துவிடுவதாகவும் சொன்னார். அந்நோயைப் பதற்ற நோய்களிலிருந்து பிரித்துத் தனி அத்தியாயத்தில் வைத்துவிட்டார்கள் என்று நான் படித்ததைச் சொன்னேன். "முன்னேற்ற அட்டையில் அதற்கு இடம் இருக்கிறதா, சார்?" என்று கேட்டுச் சிரித்தார்.